கடுகுப் புள்ளி

(பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பேசியது)

தலைவர் அவர்களே, முன்வரிசையில் வேர்க்க விறுவிறுக்க அமர்ந்திருக்கும் டத்தோ அவர்களே, சட்டமன்ற உறுப்பினர் வர முடியாததால் அவருக்குப் பதிலாக வந்து மாலையையும் அவருக்குப் பதிலாகவே வாங்கிக்கொண்ட அன்பரே, தலைமையாசிரியை அம்மா, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, காலையிலிருந்து நாற்காலி சுமந்த தம்பிகளே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் சாப்பிடும்போது திட்டிக்கொள்ளுங்கள்.

டைபாய்டு காய்ச்சலைச் சீக்கிரம் கண்டறியும் சோதனையை உருவாக்கிய மலேசிய விஞ்ஞானி பேராசிரியர் அஸ்மா இஸ்மாயிலைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன். அவர் கண்டுபிடித்தது, அவர் நிர்வகித்தது, அவர் வளர்த்த ஆய்வாளர்கள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். டைபாய்டு கிருமி கண்ணுக்கே தெரியாத கடுகு. அதன் காரத்தை எங்கள் வீடு பார்த்திருக்கிறது.

தோட்டத்தில் இருந்தோம். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. காய்ச்சல். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரஸ்ஸர் மலேரியா என்று மாத்திரை கொடுத்தார். இறங்கவில்லை. பாட்டி முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்துகொண்டார். அதற்கும் இறங்கவில்லை. கடைசியில் லாரியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்தார்கள், கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும், சில நாள் ஆகும் என்றார்கள். அப்பா சம்பளத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே படுத்துக் கிடந்தார். ஒரு வழியாக அக்கா பிழைத்து வீடு வந்த அன்று சேவலைக் காணோம்! "முனியாண்டியே வந்து எடுத்துக்கிட்டாரு" என்று பாட்டி கும்பிட்டார். அடுத்த லயத்திலிருந்து கோழிக்குழம்பு வாசனை வந்ததை நாங்கள் யாரும் பாட்டியிடம் சொல்லவில்லை.

சிரிக்கிறீர்கள். அப்புறம் அக்காவுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கேலிக்குப் பயந்து பள்ளிக்கூடம் போக மறுத்தாள். வீட்டிலும் சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி.

சில நாள் என்ற அந்தக் காத்திருப்பைச் சில மணி நேரமாகக் குறைத்ததுதான் அஸ்மா அவர்களின் டைபிடாட் என்ற சோதனை. கிருமியின் மேலுறையிலுள்ள ஒரு புரதத்தைத் துண்டுத்தாளில் புள்ளியாக வைத்திருப்பார்கள். நோயாளியின் ரத்தநீரில் அதை எதிர்க்கும் பொருள் இருந்தால் அங்கே போய் ஒட்டும். புள்ளி நிறம் காட்டும். அதற்கு முன் கைகொடுத்தது 1896இல் வந்த விடால் என்ற ரத்தச் சோதனை. அதை மட்டும் நம்பி முடிவு சொல்ல முடியாது. பாருங்கள், கடுகளவு புள்ளி!

அமெரிக்காவில் நெவாடா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவர், இங்கே நம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். மூலக்கூறு மருத்துவ ஆய்வுக் கழகத்தைத் தொடங்கி நடத்தினார். 2012இல் மலேசிய இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் துணைவேந்தர். 2016இல், இதோ பக்கத்தில் மிண்டனில் இருக்கும் அதே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு முதல் பெண் துணைவேந்தர். நிர்வாகத்தைப் பற்றியும் அவர் வளர்த்த ஆய்வாளர்களைப் பற்றியும் நாலு பக்கம் எழுதி வந்தேன். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், விடுங்கள்.

நான் எங்கே பேசினாலும் கேட்பதை இங்கேயும் கேட்கிறேன். இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கில், அதாவது பத்தாம் வகுப்பில், அறிவியல் துறை கிடைத்தும் "பொம்பளப் பிள்ளைக்கு அது கஷ்டம்" என்று மாற்றிய அப்பாக்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். நம் பள்ளி சிறியதுதான். கடுகு சிறுத்தாலும் என்று நான் ஆரம்பித்தால் பிள்ளைகளே முடித்துவிடுவார்கள்.

சனிக்கிழமை அறிவியல் வகுப்புக்கு வாசல் மேசையில் விண்ணப்பப் பாரம் இருக்கிறது. மகள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் முதல் பந்தி. டத்தோ அவர்களே, உங்கள் பேத்திக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.