இதற்கு முன் நடந்துபோகாத வழி
(புது வருடப் பிறப்பு ஆராதனையில் ஆற்றிய செய்தியின் எழுத்து வடிவம்)

பிரியமானவர்களே, யோசுவா புத்தகம் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். புது வருடத்துக்கு இந்தப் பகுதி ஏன் என்று கேட்கலாம். நான்காம் அதிகாரம் 19ஆம் வசனத்தில் ஒரு தேதி இருக்கிறது: முதல் மாதம், பத்தாம் தேதி. இஸ்ரவேலர் யோர்தான் ஆற்றைக் கடந்து கானான் தேசத்தில் கரையேறிய நாள். அவர்களுக்கும் வருடம் பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

அவர்களை நடத்தி வந்த மோசே இறந்துபோய், முப்பது நாள் துக்கமும் முடிந்திருக்கிறது. இப்போது யோசுவாதான் தலைவர். நாற்பது வருடமாக எதற்கெடுத்தாலும் ஓடிப்போய்க் கேட்ட மனிதர் இனி இல்லை. எதிரே ஆறு. அதுவும் அறுப்புக்காலம். எர்மோன் மலையின் பனி உருகி யோர்தான் கரைபுரண்டு ஓடுகிற பருவம் அது. கைக்குழந்தைகளும் வயதானவர்களும் ஆடுமாடுகளும் இருக்கிற கூட்டத்தை வைத்துக்கொண்டு இறங்குகிற ஆறு இல்லை. அந்தக் கரைக்கு வந்து மூன்று நாள் தங்கினார்கள் என்று படிக்கிறோம். மூன்று நாளும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சமைத்திருப்பார்கள், பிள்ளைகளைத் தூங்க வைத்திருப்பார்கள். தண்ணீரும் குறையவில்லை.

இங்கே உட்கார்ந்திருக்கிற சிலர் அந்த மூன்று நாளில்தான் இருக்கிறீர்கள். ஒப்பந்த வேலை மார்ச்சோடு முடிகிறது, நீட்டிப்பார்களா தெரியவில்லை. பயாப்ஸி ரிசல்ட் இன்னும் வரவில்லை. வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். உங்கள் முகத்தைப் பார்த்து 'ஹேப்பி நியூ இயர்' என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஜனங்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்று பாருங்கள். பத்துக் கட்டளைகளின் கற்பலகைகளை வைத்து ஆசாரியர்கள் சுமக்கிற உடன்படிக்கைப் பெட்டி புறப்படுவதைக் கண்டால் நீங்களும் புறப்பட்டுப் பின்னால் போங்கள். ஆனால் இரண்டாயிரம் முழம் தள்ளி நில்லுங்கள். இன்றைய கணக்கில் சுமார் 900 மீட்டர். பரிசுத்தமான பெட்டி, அதனால் இடைவெளி என்று சாதாரணமாகச் சொல்வோம். அதுவும் சரிதான். ஆனால் நான்காம் வசனமே காரணம் சொல்கிறது: நீங்கள் நடக்கவேண்டிய வழியை அறியும்படிக்கு, ஏனென்றால் இதற்கு முன்னே நீங்கள் இந்த வழியாய் நடந்துபோகவில்லை. முன்னால் இருப்பவர்கள் பெட்டியைச் சூழ்ந்துகொண்டால் கடைசி வரிசையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவளுக்கு என்ன தெரியும்? எல்லாருக்கும் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தூரம். ஆண்டவர் தள்ளி நிற்கிறாரே என்று அழுகிறவர்கள் இந்த வசனத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அக்கரையில் இருந்த எரிகோ பட்டணத்தை எப்படிப் பிடிப்பது என்று அன்றைக்குச் சொல்லப்படவில்லை. அது ஆறாம் அதிகாரத்தில்தான் வருகிறது. அன்றைக்குக் கிடைத்தது அன்றைய நடைக்கான வார்த்தை மட்டும்.

ஆசாரியர்களின் கால் தண்ணீரின் ஓரத்தில் பட்ட பிறகுதான் ஆறு நின்றது. எங்கே நின்றது? அவர்கள் கண்ணுக்கு முன்னால் இல்லை. வெகுதூரத்தில், ஆதாம் என்கிற ஊர்ப்பக்கத்தில். இன்று தாமியா என்று சொல்லப்படுகிற இடம் அதுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். எரிகோவுக்கு வடக்கே 25 கிலோமீட்டருக்கும் மேல். 1267இல் அதே பகுதியில் கரை சரிந்து யோர்தான் சில மணி நேரம் அடைபட்டதை நுவைரி என்ற அரபு வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். அன்றும் அப்படித்தானா என்று வேதம் சொல்லவில்லை. அப்படியே இருந்தாலும் என் விசுவாசம் ஒரு துளி குறையாது. ஆசாரியர்கள் கால் வைத்த நேரத்துக்கு அந்த ஆறு நின்றதே, அதைச் செய்தவர் யார்? கரையில் நின்றவர்களுக்கு ஆதாம் ஊர் தெரியாது. அவர்களுக்காக நடந்த வேலை அவர்கள் பார்வை எட்டாத இடத்தில் நடந்துகொண்டிருந்தது.

2019 டிசம்பர் 31 இரவை நினைத்துப் பாருங்கள். இதே போல் நள்ளிரவு ஆராதனை முடித்து, கை குலுக்கி, கேக் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். அதே நாளில்தான் சீனாவின் வூகான் நகரத்தில் காரணம் தெரியாத நிமோனியா பற்றிய அறிவிப்பு வெளியானது. நமக்கு அது காதில்கூட விழவில்லை. மார்ச் கடைசியில் ஆலயக் கதவுகள் மூடின. ஏப்ரல் 12 ஈஸ்டரை வீட்டில் செல்போனுக்கு முன்னால் உட்கார்ந்து ஆசரித்தோம். அந்த வருடம் முழுவதையும் அன்று இரவே காட்டியிருந்தால் நம்மில் எத்தனை பேரால் ஜனவரி முதல் தேதி காலையில் எழுந்திருக்க முடிந்திருக்கும்?

இப்போது வாக்குத்தத்த அட்டையைப் பற்றி, அதாவது இந்த வருடத்துக்கென்று ஒவ்வொருவரும் எடுக்கிற வேத வசன அட்டையைப் பற்றி. ஆராதனை முடிந்ததும் எல்லாரும் எடுக்கத்தான் போகிறீர்கள், எடுங்கள். ஆனால் வந்த வசனம் பிடிக்கவில்லை என்று மெதுவாக வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்காதீர்கள். அது கிளி ஜோசியம் பார்ப்பது போல் ஆகிவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சகோதரிக்கு, 'வாதை உன் கூடாரத்தை அணுகாது' என்ற வசனம் வந்தது. கணவரின் ஆஸ்பத்திரி ஃபைலில் முதல் பிளாஸ்டிக் உறைக்குள் அந்த அட்டையைச் செருகி வைத்திருந்தார். டயாலிசிஸுக்குப் போகும்போதெல்லாம் அதுவும் கூடவே போகும். மார்ச் மாதம் கணவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்த அடுத்த வாரம் அட்டையை என் மேசைமேல் வைத்துவிட்டு, "ஐயா, இது யாருக்கு வந்த வசனம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது. அது 91ஆம் சங்கீதம். மத்தேயு நான்காம் அதிகாரத்தில் இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, 'தாழக் குதியும், உமக்கு ஒன்றும் ஆகாது' என்று சொன்ன பிசாசும் இதே சங்கீதத்தைத்தான் எடுத்துக்காட்டினான். இயேசு குதிக்கவில்லை. அந்தச் சங்கீதத்தை அவர் கைவிடவும் இல்லை, அதை வைத்துப் பிதாவைச் சோதித்துப் பார்க்கவும் இல்லை. அதே சங்கீதத்தின் 15ஆம் வசனத்தில், 'ஆபத்தில் நானே அவனோடிருந்து' என்று வருகிறது. ஆபத்தே வராது என்றால் அந்த வார்த்தைக்கு அங்கே என்ன வேலை? இதைத்தான் அந்தச் சகோதரியிடம் சொன்னேன். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. இன்றும் என்னோடு வாதாடுவார். ஆலயத்துக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். ஐந்தாம் அதிகாரத்தில், கானான் தேசத்துத் தானியத்தைச் சாப்பிட்ட மறுநாளே மன்னா நின்றுபோனது. நாற்பது வருடம் காலையில் கூடாரத்துக்கு வெளியே கிடந்த ஆகாரம்! வனாந்தரத்தில் வழிகாட்டிய மேகஸ்தம்பமும் இந்த யோர்தான் சம்பவத்தில் எங்கும் வரவில்லை. நடத்துகிறவர் அவரேதான், நடத்துகிற விதம் மாறியது. போன வருடம் ஒரு மாமா மூலமாகப் பணம் வந்திருக்கும். இந்த வருடம் அந்த மாமா போனை எடுக்காமல் போகலாம். அதற்காக ஆண்டவர் கைவிட்டுவிட்டார் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். வயலில் விளைந்து கிடப்பதை அறுக்கவேண்டிய காலமாக இருக்கலாம், அதற்குக் குனிந்து வேலை செய்யவேண்டும். விண்ணப்பம் போடவேண்டுமென்றால் போடுங்கள். டாக்டர் சொன்ன டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள். சமாதானமாகவேண்டிய அண்ணன் தம்பி இருந்தால் நாளைக்கே போய்ப் பேசுங்கள். தெரிந்த கடமையைச் செய்யாமல் தெரியாத வழியைக் காட்டும்படி கேட்பது சரியில்லை.

கடைசியாக, நான்காம் அதிகாரம் 10ஆம் வசனம். ஜனங்கள் தீவிரித்துக் கடந்துபோனார்கள் என்று இருக்கிறது. பாட்டுப் பாடிக்கொண்டு நிதானமாக நடந்ததாக இல்லை, அவசர அவசரமாகப் போனார்கள். தண்ணீர் திரும்ப வந்துவிடுமோ என்று சிலர் வடக்கே பார்த்துக்கொண்டே ஓடியிருக்கலாம். யோசுவா ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை. கடைசி ஆள் கரையேறும்வரை பெட்டியைச் சுமந்த ஆசாரியர்கள் ஆற்றின் நடுவிலேயே நின்றார்கள். மெதுவாக நடக்கிறவர்களுக்காகவும்தான்.

சரி, அந்தக் கரையில் மூன்று நாளாக நிற்கிறவர்கள் இப்போது முன்னே வாருங்கள். வெட்கப்படவேண்டாம். நடக்க முடியாதவர்களிடம் மூப்பர்கள் வருவார்கள். உங்கள் பெயரையும் காரியத்தையும் சொல்லுங்கள், ஒவ்வொருவருக்காகவும் ஜெபிப்போம். அப்புறம் எல்லாருமாகத் திருவிருந்தில் சேருவோம்.