சித்திரை வெயிலில் போர்வை கேட்பவர்: தலைக்காயத்துக்குப் பிறகு உடல் வெப்பம்

(திரையில்: நண்பகல், கடலூர் முதுநகரில் ஒரு தெரு. ஓட்டு வீட்டுத் திண்ணையில் ஒருவர் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறார்.)

வணக்கம். தலையில் பலமாக அடிபட்டு, அறுவை சிகிச்சை முடிந்து, ஒருவர் வீடு திரும்பிவிட்டார். பேச்சு வருகிறது, கைத்தாங்கலாக நடக்கவும் செய்கிறார். ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் போர்வை கேட்கிறார். மார்கழி விடியலில் சட்டையைக் கழற்றி எறிகிறார். வீட்டில் இருப்பவர்கள் முதலில் பதறுவார்கள், பிறகு சலித்துக்கொள்வார்கள், கடைசியில் "வேண்டுமென்றே செய்கிறான்" என்று முடிவுகட்டிவிடுவார்கள். அந்த முடிவு தவறு என்று சொல்லத்தான் இந்த வீடியோ. அவருடைய குளிரும் உண்மை, புழுக்கமும் உண்மை. அவரோடு வாதாடாதீர்கள். அளந்து பாருங்கள்.

(திரையில்: மூளையின் குறுக்குவெட்டுப் படம். அடிப்பகுதியில் ஒரு சிறு இடம் சிவக்கிறது.)

மூளையின் அடிப்பக்கம் ஹைப்போதலாமஸ் என்றொரு பகுதி இருக்கிறது. எடை ஏறத்தாழ 4 கிராம்தான். உடம்பை 37 டிகிரி செல்சியஸை, அதாவது 98.6 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி வைத்திருப்பது அதன் பொறுப்பு. தோலிலிருந்து அதற்குச் செய்தி வருகிறது. தன் வழியே ஓடும் இரத்தத்தின் வெப்பத்தையும் அது உணர்கிறது. சூடு ஏறினால் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, வியர்க்க வைக்கிறது. குளிர்ந்தால் குழாய்களைச் சுருக்கி, தசைகளை நடுங்க வைக்கிறது. இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அது கெட்டால் பெட்டி துணியைக் கருக்கவும் செய்யும், சூடேறாமல் கிடக்கவும் செய்யும்.

அடி நேராக அந்த இடத்தில்தான் விழ வேண்டும் என்பதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டவரின் மூளை மண்டைக்குள் குலுங்கும்போது நீண்ட நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமாகின்றன. ஹைப்போதலாமஸ் நன்றாகவே இருந்தாலும், அதற்கு வரும் செய்தியும் அது அனுப்பும் கட்டளையும் வழியில் தடைபடலாம். பக்கவாதம் வந்தவர்களுக்கும் இது நேர்வதுண்டு.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மே மாதப் பகல். தம்பி போர்வையை இழுத்துக்கொண்டு, "அக்கா, குளிர்கிறது" என்றான். தொட்டுப் பார்த்தேன். செயலிழந்த இடது கை சில்லென்று இருந்தது, விரல்நுனிகள் வெளுத்திருந்தன. வலது உள்ளங்கையோ வியர்வையில் நனைந்திருந்தது. அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 98 காட்டியது. குளிர்ந்தது அவன் உடம்பு அல்ல, ஒரு கை. அசையாத பக்கத்தில் தசை வேலை செய்வதில்லை, இரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் நரம்பும் சரியாக இயங்குவதில்லை. அன்று முழுப் போர்வையைப் போர்த்தி விட்டிருந்தால் உள்சூடு ஏறியிருக்கும். இடது கைக்கு மட்டும் ஒரு பழைய பருத்திக் காலுறையை மாட்டிவிட்டேன். சற்று நேரத்தில் போர்வையை அவனே தள்ளிவிட்டான்.

(திரையில்: டிஜிட்டல் தெர்மாமீட்டர், பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்.)

அதனால் முதல் செலவு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டராக இருக்கட்டும். எப்போதும் செயலிழக்காத பக்கத்து அக்குளிலேயே வையுங்கள். வாயில் வைப்பதைவிட அங்கே அளவு சற்றுக் குறைவாகவே காட்டும். நேரம், அளவு, அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற மூன்றையும் எழுதிவையுங்கள்.

அளவு 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது காய்ச்சல். இங்கேதான் ஓர் ஆபத்தான எண்ணம் வந்து சேரும்: "தலையில் அடிபட்டவர், இப்படித்தான் இருக்கும்." மூளைக் காயத்தாலேயே காய்ச்சல் வருவது உண்மைதான், அதற்குப் பாராசிட்டமால் பெரும்பாலும் சரியாகக் கேட்பதும் இல்லை. ஆனால் நுரையீரல் தொற்று, சிறுநீர்த் தொற்று, அறுவைப் புண்ணில் தொற்று எதுவும் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகுதான் அந்தப் பெயரை வைக்கலாம். வீட்டில் நாமே வைக்கக் கூடாது. காய்ச்சலோடு வலிப்பு, குழப்பம், எழுப்பினாலும் எழாத தூக்கம், கழுத்து விறைப்பு, மூச்சுத் திணறல் இவற்றில் எது சேர்ந்தாலும் உடனே 108. சூடு 104-ஐ எட்டினால் வேறு அறிகுறிக்குக் காத்திருக்கவே வேண்டாம். வண்டி வரும்வரை சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

திடீரென இதயம் படபடக்க, முகம் சிவக்க, தலையணை நனையும்படி வியர்த்து, கைகால் விறைத்து, சற்று நேரத்தில் அடங்குவதும் உண்டு. கடுமையான காயத்துக்குப் பிறகு இதயத் துடிப்பையும் வியர்வையையும் முடுக்கிவிடும் பரிவு நரம்பு மண்டலம் கட்டுமீறிப் பாய்வதால் வருவது இது. இதற்கு மருந்து இருக்கிறது. நடந்ததைக் கைப்பேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள், நூறு வார்த்தையில் விளக்குவதைவிடத் தெளிவாகப் புரியும்.

(திரையில்: புதுச்சேரி கடற்கரைச் சாலை, வெறிச்சோடிய பகல்.)

நம் கடலோரத்தில் வெயிலைவிடக் கொடியது புழுக்கம். வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிராது. வியர்வை ஆவியாக வேண்டும். புதுச்சேரியிலும் கடலூரிலும் காற்றே ஈரமாக இருப்பதால் அது ஆவியாகாமல் வழிகிறது. மேற்கிலிருந்து வரும் மேல்காற்று ஓங்கி, கடல்காற்று உள்ளே வரத் தாமதமாகும் நாள்களில் வெயிலும் சேர்ந்துகொள்ளும். நல்ல உடம்புக்கே தாங்காத இந்த நிலையில், இவர்களுக்குக் களைப்பும் மறதியும் எரிச்சலும் கூடும்.

உள்ளே கட்டுப்பாடு குறைந்துவிட்டதால், வெளியிலிருந்து நாம்தான் அதைச் செய்ய வேண்டும். மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கும் அறையில் படுக்க வைக்காதீர்கள். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கூரை இரவில்தான் கக்கும். கீழ்த்தளத்தில் காற்றோட்டமான இடம் நல்லது. நைட்டி, லுங்கி, மெல்லிய பருத்திச் சட்டை போதும். பாலியஸ்டர் வேண்டாம். உடற்பயிற்சியும் நடையும் காலை எட்டு மணிக்குள் முடியட்டும். ஏசி இருந்தால் 26-இல் வையுங்கள். மின்விசிறி மட்டும்தான் என்றால் கழுத்தையும் கைகளையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அதன் கீழே உட்கார வையுங்கள்.

தாகம் அவருக்குத் தெரியாமல் போகலாம், தெரிந்தாலும் சொல்லத் தோன்றாமல் போகலாம். அதனால் கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் தலைக்காயத்துக்குப் பிறகு இரத்தத்தில் சோடியம் குறைவது உண்டு, அளவுக்கு மீறிய தண்ணீரும் கெடுதல். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு இளநீரும் நீர்மோரும் மடமடவென்று கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடலாம். அன்போடு கொடுத்த இளநீரே நிமோனியா காய்ச்சலில் கொண்டுபோய் விடும். குடிக்கும்போது இருமினாலோ குரல் கரகரத்தாலோ நிறுத்துங்கள். கஞ்சியைப் போலக் கெட்டியாக எதைக் கொடுக்கலாம் என்று, விழுங்கவும் பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

குளிர் காலத்தில் பயம் வேறு. உணர்ச்சி குறைந்த பக்கத்தில் வெந்நீர்ப் பையை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனால், தோல் வெந்துபோவது அவருக்கே தெரியாது. குளிக்கும் தண்ணீரை உங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள். வெயிலில் காய்ந்த சிமெண்டு பெஞ்சிலும் இதே கவனம் வேண்டும்.

புயல் காலத்தையும் கணக்கில் வையுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு நம் பக்கத்தில் பல நாள்கள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஐப்பசி பிறப்பதற்குள் சார்ஜ் செய்யும் விசிறி, மாற்றுத் துணி, மாத்திரைகள் தயாராக இருக்கட்டும். மின்சாரம் தடைபடாத உறவினர் வீடு எது என்றும் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.

(திரையில்: மருந்துச்சீட்டு, திறந்த நோட்டுப் புத்தகம்.)

அடுத்த முறை ஜிப்மரிலோ மாவட்ட மருத்துவமனையிலோ புறநோயாளிப் பிரிவுக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். காலை முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டால் போகும்போதாவது வெயிலுக்குத் தப்பலாம். மருந்துகளைப் பற்றிக் கேளுங்கள்: வலிப்புக்குக் கொடுக்கும் டோபிராமேட், நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சிறுநீர்ப் பைக்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின் ஆகியவை வியர்வையைக் குறைக்கக்கூடியவை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தைச் சட்டென நிறுத்தினால் வலிப்பே வந்துவிடும். எப்போதும் குளிர்கிறது, சோர்வாக இருக்கிறது, உடம்பும் பருக்கிறது என்றால், மூளையின் அடியில் இருந்து மற்ற சுரப்பிகளை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பி அடிபட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அந்தச் சுரப்பி பழுதானால், தைராய்டுக்கு வழக்கமாகப் பார்க்கும் டி.எஸ்.எச். அளவு இயல்பாகவே காட்டலாம். அதனால் ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ஹார்மோன், அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசாலின் காலை நேர அளவு ஆகிய பரிசோதனைகளும் தேவையா என்று கேட்டு, மருத்துவர் சொல்வதை அதே நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.