துறைமுகம் ஒன்று, ஊர் வேறு

வணக்கம் நேயர்களே. பார்சிலோனாவில் ஏறி, மார்செய், ஜெனோவா, ரோம், நேப்பிள்ஸ் பார்த்துவிட்டு ஏழாம் நாள் பார்சிலோனாவிலேயே இறங்கும் கப்பல் பயணத்துக்கு நம்மூரிலும் இப்போது ஆட்கள் போகிறார்கள். விளம்பரத்தில் ரோம் என்று போட்டிருக்கும். ரோமுக்குக் கப்பல் போகாது. அது நிற்பது சிவிடவெக்கியா துறைமுகத்தில். ரோம் அங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல். ஃபுளோரன்ஸ் என்றால் லிவோர்னோவில் இறங்கி, ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். வெனிஸிலோ, 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் சான் மார்க்கோ சதுக்கத்தின் முன்னால் போகத் தடை. அதனால் வெனிஸ் என்று போட்டிருந்தாலும், நிற்பது மார்கெராவிலா, இன்னும் தள்ளி ராவென்னாவிலா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். நேப்பிள்ஸில் இந்தத் தொல்லை இல்லை. இறங்கியதும் எதிரே கோட்டை, அதைத் தாண்டினால் ஊர்.

ரோமை மட்டும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை 7 மணிக்கு வரவு, மாலை 7 மணிக்குப் புறப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கையில் இருப்பதுபோலத் தோன்றும். கப்பலைக் கட்டி, அனுமதி கிடைத்து, வரிசையில் நகர்ந்து வெளியே வரவே 8 ஆகிவிடும். துறைமுகப் பேருந்தில் வாசல்வரை வந்து, அங்கிருந்து ரயில் நிலையம் போய், டிக்கெட் எடுத்து ஏறும்போது 9. சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கும்போது ஏறத்தாழ 10. வத்திக்கான் போகிறவர்கள் இங்கேயே இறங்கிவிட வேண்டும். தேர்மினி நிலையம்வரை போனால் திரும்பி வர வேண்டும். மாலையில் கப்பலுக்குள் இருக்க வேண்டிய நேரம் புறப்பாட்டுக்கு அரைமணி முதல் ஒருமணி முன்னால். ஆகவே 4 மணிக்குள் ரோமில் ரயில் ஏறியாக வேண்டும். பன்னிரண்டில் மிஞ்சுவது ஆறு மணி நேரம். இதில் வத்திக்கான் அருங்காட்சியகம், கொலோசியம் இரண்டையும் திணித்தால் இரண்டும் அரைகுறைதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் அருங்காட்சியகமே மூடியிருக்கும், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர.

இத்தாலியின் உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி நேரம் பதிக்க வேண்டும். மறந்தால் அபராதம், புரியவில்லை என்று சொன்னால் விடமாட்டார்கள். ரயில் வேலைநிறுத்தம் அங்கே சாதாரணம், முன்கூட்டியே அறிவிப்பார்கள். வேலைநாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 கட்டாயம் ஓடும். போவதற்கு 9 மணிக்குள் ஏறினால் வண்டி கிடைத்துவிடும். திரும்ப நமக்கு வண்டி தேவைப்படுவது 4 மணிக்கு. அன்றைக்கு மட்டும் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவிலேயே போவது புத்திசாலித்தனம், விலை கூடினாலும். அவர்கள் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில்தான் போக வேண்டும். கப்பலில் தரும் அன்றாடத் தாளில் துறைமுக முகவரின் எண் இருக்கும். இறங்கும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விசாவில் ஒரு சிக்கல். பார்சிலோனாவில் ஏறுவதால் ஸ்பெயினிடம்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. எந்த நாட்டில் அதிக நாட்களோ அந்த நாட்டிடம். நாட்கள் சமமென்றால் முதலில் நுழையும் நாட்டிடம். இத்தாலியத் துறைமுகங்களே அதிகம் என்றால் இத்தாலிதான். கப்பலுக்கு முன்பின் தங்கும் ஓட்டல் இரவுகளையும் சேர்த்து எண்ணுங்கள். வழியில் துனீசியாவின் துனிஸோ மான்டிநீக்ரோவின் கோட்டோரோ இருந்தால் ஷெங்கனை, அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பகுதியை, விட்டு வெளியேறித் திரும்புகிறீர்கள் என்று பொருள். பலமுறை நுழையும் விசா வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

பால்கோவாவும் நெய்யும் பெட்டியில் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. ஊறுகாய், பருப்புப்பொடி போதும்.

கரையை விட்டதும் கைபேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங் கட்டணம் ஊர் திரும்பிய பிறகுதான் தெரியும். மார்செய் பக்கம் மிஸ்திரால் காற்று வீசினால் கப்பல் ஆடும். குமட்டல் வருகிறவர்கள் பால்கனி ஆசையை விட்டு, கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். பெரும்பாலும் விலையும் குறைவு.

நன்றி, வணக்கம்.