பட்டுக்செட் என்ற ஊர்

அன்பார்ந்த நண்பர்களே,

1620இல் மேஃப்ளவர் கப்பலில் வந்த ஆங்கிலேயர் அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் உள்ள பிளிமத்தில் குடியேறினார்கள்; பூர்வகுடிகள் அவர்களை வரவேற்றுச் சோளம் விதைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இப்படித்தான் படித்திருக்கிறார்கள். சரி, சொல்லிக்கொடுத்தவருக்கு ஆங்கிலம் எப்படித் தெரிந்தது?

அவர் பெயர் டிஸ்குவாண்டம். 1614இல் தாமஸ் ஹன்ட் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவன், வியாபாரம் செய்வதாக ஆசைகாட்டி, அவரையும் சேர்த்து 20க்கும் மேற்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றிக் கடத்திப் போனான். ஸ்பெயினின் மாலகா துறைமுகத்தில் சிலரை அடிமைகளாக விற்றும்விட்டான். மீதிப் பேரைப் பாதிரிமார்கள் தலையிட்டு மீட்டார்கள். டிஸ்குவாண்டம் அங்கிருந்து எப்படியோ லண்டன் போய்ச் சேர்ந்து, ஜான் ஸ்லேனி என்ற வணிகரிடம் இருந்தார். அப்புறம் நியூஃபவுண்ட்லாந்து. 1619இல்தான் சொந்த மண்ணை மிதித்தார்.

அவருடைய ஊரான பட்டுக்செட்டில் அப்போது ஓர் ஆள் இல்லை. 1616 முதல் அந்தக் கடற்கரையில் பரவிய கொள்ளைநோய், ஊரையே வாரிக்கொண்டு போயிருந்தது. ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த நோய் அது. 1620 டிசம்பரில் மேஃப்ளவர்க்காரர்கள் பிளிமத் என்று வீடு கட்டத் தொடங்கியது அந்த ஊரின்மேல்தான். காட்டைத் திருத்தி உருவாக்கிய வயல்கள் அங்கே காத்துக் கிடந்தன. மக்கள் செத்துக் காலியான நிலம் தம் குடிகளுக்குக் கடவுள் காட்டிய பெருங்கருணை என்று 1620இல் இங்கிலாந்து மன்னர் ஜேம்ஸ் குடியேற்றத்துக்குக் கொடுத்த சாசனமே எழுதுகிறது. இதை என்னால் பதறாமல் படிக்க முடியவில்லை.

பட்டுக்செட் மக்களும் சேர்ந்த வாம்பனோவாக் பூர்வகுடியின் தலைவர் உசமெக்வின் 1621 மார்ச்சில் பிளிமத் குடியேறிகளோடு உடன்படிக்கை செய்துகொண்டதை வெள்ளந்தித்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் மக்களில் பெரும்பகுதி மாண்டுபோயிருந்தது. மேற்கே இருந்த நராகன்செட் மக்களை அந்த நோய் அவ்வளவாகத் தொடவில்லை. அவர்கள் கை ஓங்கியிருந்தது. வந்திறங்கிய ஆங்கிலேயரிலும் ஏறக்குறையப் பாதிப் பேர் அந்தக் குளிர்காலத்தில் இறந்திருந்தார்கள், ஆனால் அவர்களிடம் துப்பாக்கி இருந்தது. நெருக்கடியில் சிக்கிய ஓர் அரசியல் தலைவர், தன் மக்களைக் காக்கக் கணக்குப் போட்டு எடுத்த முடிவு அது.

அந்தக் கணக்கு ஒரு தலைமுறைக்குத்தான் தாங்கியது. குடியேறிகள் பெருகினார்கள், நிலம் கைமாறிக்கொண்டே போனது. 1675இல் உசமெக்வினின் மகன் மெட்டாகம் போருக்கு எழுந்தார். மறு ஆண்டு அவரைக் கொன்று, தலையைப் பிளிமத்தில் கம்பத்தில் செருகி, 20 ஆண்டுக்கு மேல் அப்படியே வைத்திருந்தார்கள்.

பிளிமத் குடியேறிகளின் அறுவடை விருந்தை நினைவுகூர்ந்து நாடே நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) விருந்து உண்ணும் நாளில், 1970 முதல் ஆண்டுதோறும், பூர்வகுடி மக்கள் அதே பிளிமத்தில் கூடித் துக்க நாள் அனுசரிக்கிறார்கள். தங்கள் வரலாற்றைத் தாங்களே பேசுகிறார்கள்.