குதிரைக்கு மரவள்ளி மாவு ஊசி போட்ட கதை

வணக்கம் மக்களே. போன வீடியோவுக்குக் கீழே ஒருவர், "தடுப்பூசியில் அலுமினியம் கலக்கிறார்களாமே, என்ன அநியாயம்?" என்று கேட்டிருந்தார். ஆமாம், சில ஊசிகளில் கலக்கிறார்கள், வேண்டுமென்றேதான் கலக்கிறார்கள். ஏன் என்று சொல்ல ஒரு குதிரை லாயத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1920கள், பாரிஸ் பக்கம். கஸ்தோன் ராமோன் என்ற கால்நடை மருத்துவர், பாஸ்டர் இன்ஸ்டிடியூட்காரர். தொண்டை அடைப்பானுக்கு (டிஃப்தீரியா) அப்போது மருந்து குதிரை சீரம்தான், அதாவது குதிரை ரத்தத்தின் தெளிந்த நீர்: கிருமியின் நச்சைப் பக்குவப்படுத்திக் குதிரைக்கு ஊசி போட்டு, அதன் ரத்தத்தில் ஊறும் ஆன்டிபாடியை, அதாவது நச்சை முறிக்கும் புரதத்தை எடுப்பார்கள். எல்லாக் குதிரையும் ஒரே அளவு தரவில்லை. ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ் வைத்த குதிரைகளின் சீரம்தான் வீரியமாக இருந்தது. நாமாக இருந்தால் ஊசியைச் சரியாகக் கொதிக்க வைக்கவில்லை என்று யாரையாவது திட்டியிருப்போம். இந்த மனிதர் அந்த வீக்கத்தை நாமே வரவழைத்தால் என்ன என்று யோசித்து ரொட்டித்தூளைக் கலந்தார், மரவள்ளி மாவையும் கலந்தார், அதாவது நம் பாயச ஜவ்வரிசி எதிலிருந்து வருகிறதோ அதே மாவு. ஆன்டிபாடி ஏறியது! இப்படிச் சேர்க்கும் பொருளுக்குத்தான் அட்ஜுவன்ட் என்று பெயர், லத்தீனில் 'உதவுவது'.

1926இல் லண்டனில் அலெக்சாண்டர் கிளென்னி என்ற ஆராய்ச்சியாளர் அதே தொண்டை அடைப்பான் ஊசியில் படிகாரத்தைச் சேர்த்துப் பார்த்தார். சலூனில் ஷேவிங் முடிந்ததும் தேய்ப்பார்களே, அதேதான், அதுவும் ஒரு அலுமினிய உப்புதான். இன்றைய அலுமினிய உப்புகள் அதன் வாரிசு. குழந்தைக்கு ஆறாவது வாரம் போடும் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியிலும் இருக்கிறது, அளவு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. தட்டம்மை ஊசியில் கிடையாது, அதில் இருப்பது உயிருள்ள வலுக்குறைந்த வைரஸ், அதுவே உடம்பை எழுப்பிவிடும். சுத்திகரித்த வெறும் புரதத்தை மட்டும் போட்டால் உடம்பு பெரும்பாலும் கண்டுகொள்ளாது, கதவைத் தட்ட ஒரு ஆள் வேண்டும். 1989இல் சார்லஸ் ஜேன்வே என்ற அமெரிக்க நோயெதிர்ப்பியலாளர் இதை நோயெதிர்ப்பியல்காரர்களின் 'அழுக்கு ரகசியம்' என்றே சொல்லிவிட்டார்.

அப்புறம் ஒன்று. நான் ஒரு கிளினிக்கில் இந்த அலுமினியம் கலந்த ஊசி மருந்து பாட்டில்களை ஃப்ரிட்ஜின் ஐஸ் சுவரை ஒட்டி அடுக்கியிருந்ததைப் பார்த்தேன், வயிறு எரிந்தது. 2 முதல் 8 டிகிரியில்தான் வைக்க வேண்டும். உறைந்தால் அலுமினியத் துகள்கள் கட்டிதட்டிவிடும், உருகினாலும் பழையபடி ஆகாது. சந்தேகம் வந்தால், வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய அதே வகைப் பாட்டில் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் குலுக்கி மேஜையில் வைப்பார்கள். நம் பாட்டிலிலும் அதே வேகத்தில் மண்டி இறங்கினால் அது குப்பைக்குத்தான்.