டியெங் மலைக் கிராமத்தில் நிலம் வாங்கலாமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்து ஒரு நேயர் விரிவாகக் கேட்டிருக்கிறார். படிக்கிறேன். "குடும்பத்தோடு ஜாவாவில் டியெங் மலைக்குப் போய் வந்தோம். அந்தக் குளிரும் பழைய சிவன் கோயில்களும் மனதை விட்டுப் போகவில்லை. நாங்கள் தங்கிய ஊரிலேயே ஒருவர் நிலம் காட்டினார். 'நிலத்தை என் பெயரில் பதிந்துகொள்வோம், பணம் நீங்கள் போடுங்கள், ஹோம்ஸ்டே கட்டி நடத்தலாம்' என்று அவர் சொல்கிறார். நம்பி இறங்கலாமா? மறுபடி போவதென்றால் எந்த மாதம் நல்லது?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இறங்காதீர்கள். முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். நிலம் காட்டியவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், அவரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அந்த ஏற்பாடே செல்லாது.

இந்தோனேசியாவின் அடிப்படை நிலச் சட்டம் 1960-இல் வந்தது. 'ஹக் மிலிக்' எனப்படும் முழு உரிமையை, தனிமனிதர்களில் அந்நாட்டுக் குடிமக்கள் மட்டுமே வைத்துக்கொள்ள முடியும் என்று அதன் 21-ஆம் பிரிவு சொல்கிறது. இதைச் சுற்றிவளைத்துக் கடக்கப் பார்ப்பவர்களுக்காகவே 26-ஆம் பிரிவு இருக்கிறது. நேரடியாகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்கு உரிமை போகும்படி செய்தால் அந்தப் பரிமாற்றம் செல்லாது, நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. நாம் பினாமி என்று சொல்கிறோமே, அதேதான். 'நோட்டரி முன்னால் தனியாக ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்வோம், கடன் பத்திரம் போட்டுக்கொள்வோம்' என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அந்தக் காகிதம் பினாமி ஏற்பாட்டை மூடி மறைக்க எழுதியது என்று தெரிந்தால் நீதிமன்றத்தில் நிற்காது. வழக்கே வராவிட்டாலும் யோசித்துப் பாருங்கள். நாளைக்கு அவர் இறந்துபோனால் நிலம் அவருடைய பிள்ளைகளுக்கு. அவர் வங்கியில் அடமானம் வைத்தால் வங்கிக்கு. உங்களுக்கு என்ன மிஞ்சும்?

சரி, நேர்வழி இல்லையா என்றால், இருக்கிறது. வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் தொடங்கலாம், அங்கே 'பே தே பே எம் ஆ' என்பார்கள். அந்த நிறுவனம் நிலத்தில் கட்டடம் கட்டி வைத்துக்கொள்ளும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பெறலாம்: 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பித்தால் இன்னும் 30. ஆனால் நிலம், கட்டடம் சேர்க்காமலே 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும் என்பது பொதுவான விதி. நம் பணத்தில் 5 கோடி ரூபாயைத் தாண்டும். நாலைந்து அறை வைத்த ஹோம்ஸ்டேக்கு இது எந்த வகையிலும் பொருந்தாது. சின்னத் தொழில்களை உள்ளூர்க்காரர்களுக்கு விட்டுவைக்கத்தான் இப்படி வைத்திருக்கிறார்கள், அது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. விமான நிலையத்தில் வாங்குகிற 30 நாள் விசாவில் போய் விடுதி நடத்துவதும் சட்டப்படி குற்றம்.

இப்போது அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பணம் போட நினைப்பவர்கள் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். டியெங் கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிற எரிமலைப் பகுதி. அழகான தனி மலை ஒன்றும் உச்சியில் புகையும் என்று கற்பனை செய்யாதீர்கள். நிலம் முழுக்க அங்கங்கே எரிமலை வாய்கள், பள்ளம் பள்ளமாக. சிகிடாங் பள்ளத்தில் சேறு கொதிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சிலேரி என்ற பள்ளம் 2017 ஜூலையில் திடீரென்று வெடித்துப் பார்வையாளர்கள் காயமடைந்தார்கள். உதவிக்குப் பறந்த ஹெலிகாப்டர் வழியில் மலையில் மோதி, உள்ளே இருந்த 8 பேரும் இறந்தார்கள்.

அதைவிடக் கொடுமை 1979 பிப்ரவரி 20. சினிலா பள்ளம் வெடித்ததும் கெபுச்சுகான் ஊர் மக்கள் உயிருக்குப் பயந்து ஓடினார்கள். அவர்கள் ஓடிய பாதையில் கார்பன் டை ஆக்சைடு தாழ்வாகப் பரவி நின்றது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, காற்றைவிடக் கனம். 149 பேர் போய்விட்டார்கள். தப்பிக்கிற வழியே எமனாக வந்தது. அந்த ஊரில் அப்புறம் யாரும் குடியிருக்கவில்லை. அதனால் டியெங்கில் ஓர் இடம் மலிவாகக் கிடைக்கிறது, பள்ளத்தாக்கில் அழகாக இருக்கிறது என்றால், எரிமலைக் கண்காணிப்புத் துறையின் ஆபத்து வரைபடத்தில் அது எங்கே வருகிறது என்று பார்க்காமல் அங்கே ஒரு கூடாரம்கூடப் போடக் கூடாது.

இன்னொரு விஷயம் உருளைக்கிழங்கு. சரிவு முழுக்க உச்சி வரைக்கும் உழுது போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல குடும்பங்கள் அதில்தான் முன்னேறின, பிள்ளைகளைப் படிக்க வைத்தன. ஆனால் மரம் போன சரிவில் மழைக்கு மண் நிற்பதில்லை. டியெங்கில் பிறக்கிற செராயு ஆறு அந்த மண்ணை அடித்துக்கொண்டு போய், பஞ்சார்நெகாராவில் உள்ள மிரிசா அணையை வண்டலால் நிரப்பிக்கொண்டிருக்கிறது. இதே சரிவில் இன்னும் நாலு கான்கிரீட் விடுதி எழும்பினால் யாருக்கு நல்லது?

அந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும், கொஞ்சம் சம்பாதிக்கவும் வேண்டும் என்றால், அவர்கள் ஏற்கெனவே செய்கிற தொழிலைப் பாருங்கள். மலைப் பப்பாளி இருக்கிறதே, காரிகா, அதைச் சர்க்கரைப் பாகில் போட்டுச் சின்னக் கிண்ணங்களில் அடைத்து விற்கிறார்கள். பக்கத்து மாவட்டமான வொனொசோபோவில் வீட்டுக்கு வீடு நடக்கிற தொழில். முறையாக உரிமம் எடுத்து இறக்குமதி செய்ய முடியுமா என்று விசாரியுங்கள், அதில் யாருடைய நிலமும் கை மாறாது. தங்குவதும் ஊர்க்காரர் வீட்டு ஹோம்ஸ்டேயிலேயே தங்குங்கள். டியெங் கூலோன் என்ற ஊரில் கிராமச் சுற்றுலாக் குழுவே இருக்கிறது, அவர்களிடம் கேட்டாலே வீடும் வழிகாட்டியும் கிடைக்கும்.

எந்த மாதம் என்று கேட்டீர்கள். ஜூலை, ஆகஸ்ட் மழை குறைவு. விடியற்காலையில் சிகுனிர் குன்றில் சூரிய உதயம் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்த மாதங்களில் சில இரவுகளில் வெப்பம் பூஜ்யத்துக்கும் கீழே போய், புல்லெல்லாம் உறைபனி படியும். பார்க்க வருகிறவர்களுக்கு அது கொண்டாட்டம், உருளைக்கிழங்கு போட்டவருக்கு அன்றைக்கே பயிர் கருகிவிடும். வயலில் இறங்கிப் படம் எடுக்கும்போது இதை மனதில் வையுங்கள். சடைமுடியோடு வளர்கிற குழந்தைகளுக்கு முடி இறக்கும் சடங்கும் பெரும்பாலும் ஆகஸ்டில் நடக்கிற விழாவில்தான். அதைப் பார்க்க ஆசை இருந்தால் அறையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கூட்டம் தாங்காது.

கோயில்களுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். அர்ஜுனா கோயில் தொகுதியைப் பார்த்துவிட்டுப் பலர் திரும்பிவிடுகிறார்கள், பீமா கோயிலை விட்டுவிடாதீர்கள். அதன் கூரையில் கூடு எனப்படும் வளைவு மாடங்களுக்குள்ளிருந்து முகங்கள் எட்டிப் பார்க்கும், மாமல்லபுரத்துக் கூடுகளைப் பார்த்த கண்ணுக்கு அது உடனே பிடிபடும். டியெங்கில் கிடைத்த ஒரு கல்வெட்டு கி.பி. 809-ஐச் சேர்ந்தது என்றால் அந்த இடத்தின் வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கந்தக நாற்றம் தாங்காதவர்கள் முகக்கவசம் கொண்டு போங்கள். ஆனால் விஷவாயுவை அது தடுக்காது, தடுப்புக் கயிறு கட்டியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.