ஆங்கிலக் கெட்ட வார்த்தையும் நம் பிள்ளைகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

கெட்ட வார்த்தைகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பெட்டியை அணைத்துவிட வேண்டாம். சபையில் சொல்லக் கூடாத சொற்களை நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் அவை எதைக் குறிக்கின்றன, யாரிடம் சொன்னால் என்ன ஆகும் என்பதை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

புதுச்சேரியில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். பாகூர், அரியாங்குப்பம், கடலூர் முதுநகர் என்று பல ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள். கடற்கரைச் சாலைப் பக்கம் ஓட்டல் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, கப்பல் வேலைக்கும் கால் சென்டருக்கும் போக ஆசைப்படுகிறவர்கள் உண்டு. இறந்தகாலம், நிகழ்காலம் எல்லாம் தடுமாறுகிற பிள்ளைகூட, எஃப் எழுத்தில் தொடங்கும் அந்தச் சொல்லை மட்டும் தடுமாறாமல் சொல்கிறது. ஆன்லைன் கேமில் காதில் விழுந்தது, ரீல்ஸில் பார்த்தது, ஓடிடி தொடரில் கேட்டது. என்ன அர்த்தம் என்று கேட்டால், "சும்மா சொல்றதுதான் மிஸ்" என்று பதில் வருகிறது.

அந்தப் பதில் பொய் இல்லை. அவர்களுக்கு அது உண்மையிலேயே சும்மாதான். பேனா கீழே விழுந்தால் "ஓ ஷிட்" என்கிற பெண், அதே பொருளுள்ள தமிழ்ச் சொல்லை வகுப்பில் சொல்வாளா? நாக்கு கூசும். தமிழ்ச் சொல்லோடு அம்மா முறைத்தது, பாட்டி வாயில் அடித்தது எல்லாம் சேர்ந்து வருகிறது. ஆங்கிலச் சொல்லோடு அப்படி எதுவும் வரவில்லை. துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, பின்னாளில் ஆங்கிலம் கற்றவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2003-ல் வெளியானது. சிறு வயதில் பெரியவர்கள் திட்டுகிற வாக்கியங்களை இரண்டு மொழியிலும் கேட்க வைத்து, விரல் நுனியில் வியர்வை எவ்வளவு ஊறுகிறது என்று அளந்தார்கள். தாய்மொழியில் கேட்டபோதுதான் உடம்பு அதிகமாக அதிர்ந்தது. பல மொழி பேசுகிறவர்களிடம் நடந்த மற்ற ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், கேட்கிறவருக்கு ஆங்கிலம்தான் தாய்மொழியாக இருக்கலாம். நமக்கு லேசாக இருக்கிற சொல், அவருக்கு அவருடைய அம்மா முறைத்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டு போய் விழுகிறது. நண்பனிடம் பேசுகிற அதே பழக்கத்தில் ஒரு விருந்தினரிடமோ நேர்காணல் அறையிலோ வாயைத் திறந்தால், பிள்ளைக்கு என்ன தவறு செய்தோம் என்றே தெரியாது. வேலை போயிருக்கும்.

நேர் எதிராகவும் நடக்கிறது. என்னிடம் படித்த ஒரு பையன் ஓட்டலில் காபி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். ஆஸ்திரேலியாக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு "ப்ளடி குட்" என்றிருக்கிறார். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது, திட்டுகிறார் என்று நினைத்துவிட்டான். அவர் பாராட்டியிருக்கிறார்! ஆங்கிலத்தில் இந்தச் சொற்களில் பல, திட்டுவதற்கு மட்டும் வருவதில்லை. ஒன்றை அழுத்திச் சொல்ல, வியக்க, வலியில் கத்த, நண்பர்களுக்குள் நெருக்கம் காட்ட என்று எல்லாவற்றுக்கும் வரும். அதனால் பிள்ளைகளிடம் முதலில் 'யூ' என்ற சொல்லைத் தேடச் சொல்கிறேன். பஸ் போய்விட்டதே என்று தனக்குத்தானே சொன்னால் அது எரிச்சல். 'யூ'வோடு ஒட்டி உங்கள் முகத்தைப் பார்த்து வந்தால் அது பெரும்பாலும் வசை. பிறகு குரலைக் கவனி, முகத்தைக் கவனி என்பேன்.

ஊருக்கு ஊர் எடையும் மாறும். அதே 'ப்ளடி' 1914-ல் லண்டன் மேடையில், பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் ஒரு பூக்காரப் பெண் வாயிலிருந்து வந்தபோது அரங்கமே அதிர்ந்தது, செய்தித்தாள்கள் அதைப் பற்றியே எழுதின. 2006-ல் ஆஸ்திரேலிய அரசின் சுற்றுலாத் துறையே அந்தச் சொல்லை வைத்து உலகத்துக்கு விளம்பரம் செய்தது. பிரிட்டனில் அந்த விளம்பரத்தைத் தொலைக்காட்சியில் போட முதலில் அனுமதிக்கவில்லை. ஒரே மொழி, ஒரே சொல், ஒரே ஆண்டு!

இன்னும் பின்னால் போனால், 1606-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. நாடக மேடையில் கடவுள் பெயரை விளையாட்டாகச் சொன்னால் 10 பவுண்டு அபராதம், அந்தக் காலத்துக்குப் பெரிய தொகை. அன்றைக்குக் கெட்ட வார்த்தை என்றால் அது கடவுளை இழுப்பதுதான். பிறகு உடலையும் உடலுறவையும் சொல்கிற சொற்கள் அந்த இடத்துக்கு வந்தன. இன்று அவையும் மெல்ல லேசாகி வருகின்றன. இப்போது ஆங்கிலம் பேசுகிறவர்கள் மிகவும் அஞ்சுவது, ஒருவருடைய நிறத்தை, இனத்தை, உடல் குறைபாட்டைச் சொல்லி இழிவுபடுத்துகிற சொற்களுக்கு. கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்கும், 'என்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொல் ராப் பாட்டில் வருகிறது, அதைக் கேட்டு நம் பிள்ளைகளும் பாடுகிறார்கள். கறுப்பின மக்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது வேறு. வெளியாள் சொன்னால் அதற்கு மன்னிப்பே கிடையாது.

இது நமக்குப் புரியாத விஷயமில்லை. தமிழில் வேறு எந்த வசையையும்விட ஆழமாக வெட்டுவது எது? சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதுதானே. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பொது இடத்தில் அப்படித் திட்டுவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இதை எடுத்துச் சொன்னால் என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் "சும்மாதான் மிஸ்" என்று சொல்வதில்லை.

பெண்களைக் குறித்த சொற்களையும் நான் விடுவதில்லை. பி எழுத்தில் தொடங்கும் அந்தச் சொல்லுக்குப் பெண் நாய் என்று பொருள். பையன்கள் ஒருவனை ஒருவன் கோழை என்று கேலி செய்யவும் அதைத்தான் சொல்கிறார்கள். ஒருவனை அவமானப்படுத்த ஏன் ஒரு பெண்ணை இழுக்க வேண்டும்? நம் ஊர் வசைகளிலும் அம்மாவும் அக்காவும்தான் அகப்படுகிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை.

அப்படியானால் இந்தச் சொற்களே வேண்டாமா என்றால், மனிதன் அவற்றை விட்டதே இல்லை. பிரான்சில் பால் புரோக்கா என்ற மருத்துவர் 1861-ல் ஆராய்ந்த நோயாளிக்குப் பேச்சு போய்விட்டது. 'டான்' என்ற ஓசை மட்டும்தான் வரும். கோபம் வந்தால் மட்டும் கடவுள் பெயரை இழுக்கும் ஒரு பிரெஞ்சு வசை முழுதாக வந்துவிடும்! பிரிட்டனில் கீல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2009-ல் வந்தது. ஐஸ் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொன்னவர்கள், சாதாரணச் சொல்லைச் சொன்னபோது இருந்ததைவிட அதிக நேரம் வலி தாங்கினார்கள். ஆனால் அதே குழு பிறகு செய்த ஆய்வில், நாள் முழுக்க அப்படிப் பேசுகிறவர்களுக்கு அந்தப் பலன் குறைந்துபோனது தெரிந்தது.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை வந்து "இதுக்கு என்ன அர்த்தம்பா?" என்று கேட்டால் அடிக்காதீர்கள். அர்த்தத்தைச் சொல்லுங்கள், யார் முன்னால் சொல்லக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். வீட்டில் கேட்க முடியாவிட்டால், அது கேம் விளையாடுகிற இன்னொரு பிள்ளையிடம் கேட்கும். வாட்ஸ்அப்பில் 'டபிள்யூ டி எஃப்' என்று மூன்றே எழுத்தை ஆசிரியருக்கே அனுப்புகிறார்கள். கடைசி எழுத்து எதைக் குறிக்கிறது என்று சொன்னதும் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, வாய் தவறி வந்துவிட்டால்? "சாரி, எக்ஸ்க்யூஸ் மை லாங்வேஜ்" என்று உடனே சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடரலாம். ஆங்கிலேயர்கள் இதற்கு "பார்டன் மை பிரெஞ்ச்" என்றும் சொல்வார்கள், திட்டியதற்குப் பிரெஞ்சு மொழி மேல் பழி. புதுச்சேரியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அதை மட்டும் பழகிக்கொள்ள வேண்டாம், எதிரே பிரெஞ்சுக்காரர் உட்கார்ந்திருக்கக்கூடும்.

நன்றி, வணக்கம்.